மிச்சக் கணக்கு

கடையில் ஒரு பொருளைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, விலையைக் கேட்டு, "இதுல என்னப்பா இருக்கு? நாமளே பண்ணிடலாம்" என்று கீழே வைத்துவிட்டு வருகிறவர் எல்லாத் தெருவிலும் ஒருவர் இருப்பார். எங்கள் பெரம்பூர் அடுக்ககத்தில் அவர் எனக்கு நேர் மேல்வீட்டில் இருக்கிறார். அலுவலகத்தில் கணக்குப் பிரிவு, முப்பது வருட சர்வீஸ். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். ஏணி வேண்டியிருக்கும்போது 'தம்பீ' என்று கொஞ்சம் நீளும்.

ஒரு கோடையில் பக்கெட், பழைய டேபிள் ஃபேன், வெட்டிவேர் மூன்றையும் வைத்து ஏர்கூலர் செய்தார். வீட்டில் எல்லோருக்கும் சளி பிடித்தது. "பார்த்தியா, கூலிங் எப்படி!" என்று அந்தச் சளியையும் வரவில் வைத்துக்கொண்டார்.

இந்த மனிதர் வீட்டுக்குத்தான் தவளை வந்தது.

அவருடைய மகளின் கல்லூரித் தோழி மேற்படிப்புக்கு வெளிநாடு போகையில், தன்னிடமிருந்த இரண்டு தவளைகளை இவளிடம் விட்டுப்போனாள். நம் கிணற்றடித் தவளை இல்லை. ஆஸ்திரேலியப் பூர்வீகம் கொண்ட மரத்தவளை. பட்டாணியை மசித்து உருட்டி வைத்தாற்போல் உடம்பு, எந்நேரமும் கல்யாணச் சாப்பாடு முடித்து உட்கார்ந்த முகம். ஒழுங்காக வைத்துக்கொண்டால் 15 வருடம் தாண்டியும் இருக்கும் ஜீவன். மகள் நாய்க்குட்டி கேட்டபோது தீனி, தடுப்பூசி, டாக்டர் என்று நாலு பக்கம் கணக்கெழுதி மறுத்தவர் இதற்குத் தலையாட்டியதன் காரணம் ஒன்றே: இனாம். தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. தவளைக்குப் பல்லும் பேருக்குத்தான் இருக்கிறது.

வந்தவை ஐஸ்கிரீம் டப்பாவில் வந்திருந்தன. வீடு வேண்டுமே. கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. என் வண்டியில் போனோம். அப்படிப் போனால் பெட்ரோல் அவர் கணக்கில் வராது. ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், இரண்டடி உயரம், முன்னால் கண்ணாடிக் கதவு, மேலே கம்பி வலை. கடைக்காரர் 18,000 என்றார். அண்ணன் பதில் பேசவில்லை. சாண் வைத்து அளந்தார், குனிந்து அடியைப் பார்த்தார், மூலை இணைப்பை நகத்தால் சுரண்டினார். கடைக்காரருக்கு இந்த ரகம் பழக்கம்போல, உள்ளே போய்விட்டார்.

"அஞ்சு கண்ணாடி, ஒரு டியூப் சிலிகான். மூவாயிரத்துல முடிச்சுக் காட்டறேன் தம்பி."

அதற்கென ஒரு நோட்டுப் போட்டார். எழுதாமல் மிஞ்சிய 2019-ஆம் வருட டைரி. இடது பக்கத்துக்குத் தலைப்பு 'தவளை', வலது பக்கத்துக்கு 'பொது'. அந்த மூவாயிரம் கடைசிவரை மூவாயிரத்தைத் தாண்டாததன் சூட்சுமம் முழுக்க வலது பக்கத்தில் இருக்கிறது. டிரில் மெஷின் வாங்கினார்: பொது. "வீட்டுக்கு எப்பவும் வேணும்தானே?" கண்ணாடி அறுக்கும் வைரம்: பொது. கண்ணாடி கிழித்து உள்ளங்கையில் தையல் போட்டது: அதுவும் பொது. "தவளையா தம்பி கிழிச்சுது?"

வீடு இடித்த சாமான் விற்கும் கடையிலிருந்து பழைய ஜன்னல் கண்ணாடிகள் வந்தன. அறுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, வைரத்தால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே இழுப்பு. நடுவில் நிற்கக் கூடாது, போன கோட்டின்மேல் திரும்பப் போகவும் கூடாது. பிறகு கோட்டுக்கு நேர் அடியில் ஒரு தீக்குச்சியை வைத்து இரண்டு பக்கமும் மெதுவாக அழுத்தினால், டிக் என்று பிளந்துகொள்ளும். அண்ணன் கையில் முதல் மூன்று கண்ணாடிகள் டிக் என்று சொல்லவில்லை; வேறு ஏதோ சொல்லின. நாலாவது பிளந்த நேர்த்தியைப் பார்க்கக் கீழ்வீட்டிலிருந்து என் மனைவியையும் கூப்பிட்டார்.

சிலிகானில் வந்தது வினை. தள்ளுபடியில் கிடைத்ததே என்று குளியலறைக்குப் போடும் சிலிகானை வாங்கி ஒட்டிவிட்டார். ஒட்டி முடித்த பிறகு மகள் டியூபைத் திருப்பிப் படித்தாள். பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து கலந்தது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தொப்பைத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. தொட்டியில் என்ன மருந்து இருக்கிறதோ அது நேரே உடம்புக்குள். இரண்டு நாள் உட்கார்ந்து பிளேடால் சுரண்டினார். மருந்து கலக்காத சிலிகான் மறுபடி வந்தது. பழைய டியூபை 'பொது' பக்கத்துக்கு மாற்றி, பாத்ரூம் ஓரத்தில் பூசித் தீர்த்தார்.

தொட்டியில் பூசிய புதுச் சிலிகான் காய 48 மணி நேரம் ஆகும். ஹால் முழுக்க வினிகர் வாடை. அந்த இரண்டு நாளும் எனக்குச் சரித்திரப் பாடம். 1829-இல் லண்டனில் வார்ட் என்று ஒரு டாக்டர், அந்துப்பூச்சிக் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு பாட்டிலில் போட்டு மூடி வைத்தாராம். பூச்சி கிடக்கட்டும், வெளியே லண்டன் புகையில் கருகிப்போகும் பெரணிச் செடி உள்ளே முளைத்து நின்றதாம். அதிலிருந்து பிறந்ததுதான் மூடிய கண்ணாடிப் பெட்டி. சீனத்துத் தேயிலைக் கன்றுகளை ராபர்ட் ஃபார்ச்சூன் கப்பலில் இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும் அப்படிப்பட்ட பெட்டிகளில்தான். யார் சொன்னாலும் இது தாவரவியல் கதை. அண்ணனுக்கு இதில் பட்டது வேறு.

"பாட்டில் ஓசி தம்பி! நீ குடிக்கிற டீ, ஒரு ஓசி பாட்டில்ல ஆரம்பிச்சிருக்கு."

மூன்றாம் நாள் இரவு சோதனைக்காக இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வைத்தார். காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். மாடிப்படியில் தண்ணீர் படிபடியாக, அவசரமில்லாமல் இறங்கி வந்துகொண்டிருந்தது. மேலே ஓடினேன். துணி பிழிந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து, "லீக் இல்ல தம்பி, லேசா கசிவு" என்றார். தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

உள் அலங்காரத்தில் மட்டும் மனிதரைக் குறை சொல்ல முடியாது. ஈரம் தேங்கினால் மண் அழுகும் என்பதால் அடியில் தண்ணீர் வடிய இடம் விட வேண்டும். அதற்குக் கடையில் சுட்ட களிமண் உருண்டை விற்கிறார்கள். இவர் மொட்டைமாடி ஓட்டை உடைத்து ஓட்டாஞ்சில்லு பரப்பினார். அதன்மேல் கொசுவலை, வலைமேல் தென்னைநார்க் கழிவு. வெளிநாட்டு அட்டைப்பெட்டியில் செங்கல் அளவில் வந்த அந்தக் கழிவின் விலையைக் கடையில் பார்த்தபோது உண்மையாகவே அவருக்குக் கண் கலங்கியது. பொள்ளாச்சி அவர் மாமியார் ஊர். இதே நார்க்கழிவு அங்கே மலையாகக் குவிந்து, கட்டிகளாகிக் கப்பலேறுவதைப் பார்த்தவர். அடுத்த தடவை ஊருக்குப் போய்த் திரும்பியபோது ரயிலில் ஒரு மூட்டையோடு வந்தார். டிக்கெட் செலவு 'பொது'. மாமியாரைப் பார்க்கத்தானே போனது.

மேல்மூடிக்குப் பழைய ஃபிரிட்ஜின் கண்ணாடித் தட்டைப் போட்டு இறுக்கினார். உள்ளே ஆவி கட்டி நாலு பக்கமும் பால்போல் வெளுத்தது. ஒரு வாரம் தவளை இருப்பது சிதம்பர ரகசியமாயிற்று. வந்தவர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்து, "உள்ளதான் இருக்கா?" என்று கேட்டுப் போனார்கள். பிறகுதான் மேலே வலையும் முன்பக்கம் கீழே ஒரு காற்றுத் துவாரமும் வைத்தார். வெதுவெதுப்பான காற்று மேலே போக, கீழிருந்து புதுக்காற்று ஏறியது, கண்ணாடி தெளிந்தது. மணி பிளான்ட்டுக்கு நடுவில் இரண்டும் அதே சாப்பிட்டு முடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தன.

சாப்பாட்டில்தான் அண்ணனுக்கு வாழ்நாள் அடி. இவற்றுக்கு உயிருள்ள பூச்சி வேண்டும். தீனிக்கென்றே வளர்த்த கரப்பானை டப்பா போட்டு விற்கிறார்கள்.

"கரப்பானைக் காசு கொடுத்து வாங்கணுமா? நம்ம சமையல்கட்டுல..." என்று ஆரம்பித்தவர், அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வீட்டுக் கரப்பான் மருந்து தின்ற கரப்பான். தவளைக்கு ஆகாது என்றாள் மகள். ஒரே ஒரு முறை வாங்கி, முட்டை அட்டைகளுக்கு நடுவில் பெருக விட்டிருக்கிறார். எங்கே என்று எனக்குத் தெரியும். அண்ணிக்குப் பரணில் இருப்பது தீபாவளிப் பாத்திரம் என்று எண்ணம். இதற்கு மேல் நான் எழுதுவது நட்புக்கு நல்லதல்ல.

கொசுவத்திச் சுருளும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் ஹாலிலிருந்து நாடு கடத்தப்பட்டன. தவளைத் தோலுக்குப் புகை ஆகாது. குடும்பம் முழுக்க வலைக்குள் படுக்கிறது. வலைகள் மூன்று: பொது. விருந்தாளி வந்தால் அண்ணன் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு ஆகியிருக்கும், சொல்லுங்க பார்ப்போம்." இருபதாயிரம் என்று சொல்பவருக்கு ஃபில்டர் காபி. மின்சார ரீடிங் எடுக்க வந்தவர் யோசித்து, "ஒரு ரெண்டாயிரம் இருக்குமா சார்?" என்றார். குடிக்கத் தண்ணீர் கேட்டுவிட்டு அவர் வெகுநேரம் நின்றிருந்தார்.

இந்த இனத்து ஆண் தவளைக்கு ஒரு வழக்கம்; இரைச்சல் கேட்டால் எதிர்க்குரல் கொடுக்கும். மேல்வீட்டில் மிக்சி ஓடினால் தொட்டிக்குள்ளிருந்து 'க்ராக், க்ராக்' என்று பதில் வரும். ஆரம்பத்தில் அண்ணி, "எனக்குப் போட்டியா ஒண்ணு வந்து சேர்ந்துது" என்று கரண்டியோடு ஹாலுக்கு வந்து திட்டிவிட்டுப் போவார்.

போன வாரம் சாயங்காலம் ஏணியைத் திருப்பி வாங்கப் போனேன். சமையலறையில் மிக்சி ஓடியது, தவளை கத்தியது. மிக்சி நின்றது, அதுவும் நின்றது. மறுபடி மிக்சி. எட்டிப் பார்த்தேன். அண்ணி ஸ்விட்சில் விரலை வைத்து, காதை ஹால் பக்கம் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஜாரில் ஒன்றும் இல்லை.

ஹாலில் அண்ணன் டைரியோடு உட்கார்ந்திருந்தார். காலி ஜார் சுற்றும் சத்தம் எனக்கே தெரிகிறது. முப்பது வருடம் கணக்குப் பார்த்த காதுக்குத் தெரியாதா.

"என்ன, சட்னியா?" என்றார் தலையைத் தூக்காமல்.

"ஆமாங்க."

வலது பக்கத்தைத் திருப்பி, 'சட்னி, கரண்ட்' என்று எழுதிக்கொண்டார். அன்று ராத்திரி அவர்கள் வீட்டில் உப்புமாவுக்குச் சர்க்கரைதான்.