பீட்டரும் சீனும் எந்த மொழி?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் 'சீன் போடாதே', 'பீட்டர் விடாதே', 'கிளாஸ் கட் அடிச்சேன்' என்கிறான். ஆங்கில அகராதியில் தேடினால் பொருள் பொருந்தவில்லை. இது எந்த மொழி?
- ஒரு வாசகர், கதிர்காமம், புதுச்சேரி

பதில்: தமிழ்தான்! அகராதியில் 'சீன்' என்றால் காட்சி. நம் தெருவில் வெற்றுப் பந்தா. அங்கே பீட்டர் ஓர் ஆளின் பெயர். இங்கே தேவையில்லாமல் இங்கிலீஷ் பேசி அலட்டுவது. தேர்வு அறையில் 'பிட்' என்றால் காப்பியடிக்க ஒளித்துவைக்கும் துண்டுச்சீட்டு; எந்த மாணவனுக்கும் விளக்கம் தேவைப்படாது. பெயர்ச்சொல் எங்கிருந்து வந்தாலும், போடுவதும் விடுவதும் அடிப்பதும் நம் வினைச்சொற்களே. வினை நம்முடையதாக இருக்கும்வரை வீட்டுச் சாவி நம்மிடம்தான்.

வேற்றுமொழிச் சொல்லை இப்படி நம்முடையதாக்குவது உங்கள் ஊருக்குப் புதிதல்ல. பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களை 'சொல்தா' என்று அழைத்த ஊர் புதுச்சேரி; 'சொல்தா' பிரெஞ்சுச் சொல். நாமும் கொடுத்திருக்கிறோம்: கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலத்துக்குப் போய்ப் பல தலைமுறை ஆகிறது. 2016இல் நம் 'ஐயோ'வும் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது.

பேச்சுச் சொற்களும் அகராதிக்கு உரியவைதான். கரிசல் மக்களின் பேச்சுக்கு அகராதி தொகுத்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன், கடைசிக் காலம்வரை வாழ்ந்தது உங்கள் பக்கத்து லாஸ்பேட்டையில்தான். ஆகவே மகனைத் திட்டாதீர்கள். ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, அவன் நண்பர்கள் பேசும் சொற்களைப் பொருளோடு எழுதிவைக்கச் சொல்லுங்கள். நாளைய அகராதிக்கு அது உதவும்.