குரலுக்கு உலோகம் சூட்டும் முறை

சுருதியும் ஒன்று, உரப்பும் ஒன்று என்றாலும் நாகசுரத்தையும் வீணையையும் செவி பிரித்தறிகிறது. அவ்வாறு பிரித்துக் காட்டுவது நாதத்தின் பண்பு. மேற்சுரங்களின் கலவையே அதற்குக் காரணம் என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். பின்வந்தோர் ஒலியின் தொடக்கத்தையும் காரணங்களுள் சேர்த்தனர். ஒலிப்பதிவில் முதல் கணத்தை வெட்டி நீக்கினால், பயின்ற செவியும் வாத்தியத்தின் பெயர் சொல்லத் தடுமாறும். காரணம் இவ்வாறு தெளிந்துவிட்டது. பெயரிடுதலே இன்னும் முறைப்படவில்லை.

நாதத்தைச் சொல்ல வரும்போது செவி பிற புலன்களிடம் கடன் வாங்குகிறது. நாவிடமிருந்து தேன் வந்தது. புளியும் உப்பும் வரவில்லை. தொடு உணர்விடமிருந்து கரகரப்பு வந்தது. உலோகங்களில்தான் தேர்வு கடுமையானது. சீர்காழி கோவிந்தராஜனின் குரல் வெண்கலக் குரல் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பித்தளைக் குரல் என்று எவரையும் புகழ்வதில்லை. இரண்டிலும் பெரும்பங்கு செம்பு. வெண்கலத்தில் வெள்ளீயமும் பித்தளையில் துத்தநாகமும் சேர்கின்றன. எனவே இப்புகழ் செம்பினுடையதன்று, வெள்ளீயத்தினுடையது எனத் துணியலாம். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம் கலந்த வெண்கலமே மணி வார்க்க உகந்தது; அடித்த பின்னும் நெடுநேரம் ஒலிக்கும். எவர்சில்வர் வீடுதோறும் புழங்கியும் இவ்வரிசையில் இடம் பெறவில்லை. கைதவறி விழும் தட்டின் ஒலி அதற்குப் போதிய காரணம்.

குயிலின் நிலை சற்றுச் சிக்கலானது. ஏறிச் செல்லும் கூவல் ஆண் குயிலுடையது. பெண் குயில் விட்டுவிட்டு வெடுக்கென ஒலிப்பது. ஆயினும் கே. பி. சுந்தராம்பாள் கொடுமுடி கோகிலம் எனப்பட்டார். ஆண் பறவைக்கு உரிய புகழ் பாடகியரைச் சேர்வதை வழக்கு ஏற்றுக்கொண்டுவிட்டது. அதைத் திருத்த முற்படுவது வீண்.

மிகுந்த எச்சரிக்கை வேண்டுவது கட்டை. சுருதியைச் சொல்லும் கட்டை ஆர்மோனியக் கட்டைகளை எண்ணிப் பெறப்படுவது: ஒரு கட்டை மேலை இசையின் 'சி', ஐந்து கட்டை 'ஜி'. எண் ஏறச் சுருதியும் ஏறும். கட்டைக் குரல் என்பதோ தடித்துத் தாழ்ந்த நாதம். அதற்கு எண் இல்லை. ஒரு கட்டையில் பாடுவோர் பெரும்பாலும் கட்டைக் குரலினர். ஐந்தரைக் கட்டையில் பாடுவோர் பெரும்பாலும் அல்லர். ஆகவே குரலில் கட்டை மிகுந்தோறும் சுருதியில் கட்டை குறைகிறது. கச்சேரி விமரிசனம் எழுதுவோர் இவ்விரு கட்டைகளையும் ஒரே வாக்கியத்தில் வைக்கலாகாது.