வெற்றிக்கு வாரிசு

தம் அணி தோற்ற அன்று உபவாசம் கிடப்பவர்கள், ஜெயித்த அன்று பக்கத்து வீட்டுக்காரனைத் தூங்கவிடாமல் வெடி வெடிப்பவர்கள் என்று விளையாட்டு ரசிகர்களில் பல ரகம் உண்டு. ஆயினும், எவர் எந்தப் பெயரில் எங்கே வென்றாலும் அந்த வெற்றியில் தம்முடைய ஊருக்கு ஒரு பாத்தியதை இருப்பதைச் சாங்கோபாங்கமாக நிரூபித்துவிடுகிற ரசிகரைத் தரிசிக்க விரும்புவோர் கோவையை ஒட்டிய போத்தனூருக்குத்தான் வரவேண்டும்.

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எனக்கு இங்கே வாய்த்திருக்கிறார். 1862-இலேயே ரயிலைக் கண்ட ஊர் இது என்பதும், கோயமுத்தூருக்கே இங்கிருந்து பிரிந்த கிளைப் பாதையில்தான் அக்காலத்தில் வண்டி போயிற்று என்பதும் அவருடைய சகல சித்தாந்தங்களுக்கும் அஸ்திவாரம்.

2019 மார்ச் 9-ஆம் தேதி நடந்ததைக் கேளுங்கள். சென்னை சிட்டி என்று பெயர் சூட்டிக்கொண்டு, சென்னையில் ஆடாமல் கோவை நேரு ஸ்டேடியத்தைத் தாயகமாகக் கொண்டிருந்த கால்பந்து அணி, அன்று மினர்வா பஞ்சாபை வென்றால்தான் ஐ-லீக் பட்டம் நிச்சயம். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் அணி கோகுலம் கேரளாவோடு மோதிக்கொண்டிருந்தது. கோழிக்கோட்டுக்கு வண்டி போத்தனூர் வழியாகத்தான் போகிறது என்பதால், அங்கே விழும் கோல் நமக்கு முதலில் தெரியவேண்டியது நியாயம் என்று நண்பர் கருதினார். தொடக்கத்திலேயே ஒரு கோல் வாங்கிக்கொண்டு நம்மை நடுங்கவைத்த சென்னை சிட்டி, உருகுவேயில் பிறந்த பெட்ரோ மான்சியின் பெனால்டியாலும், அஸ்ஸாமியரான கௌரவ் போரா அடித்த இரண்டு கோல்களாலும் 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் பின்தள்ளியது. பயிற்சியாளரோ சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ். இத்தனை தேசத்தார் கூடிச் சம்பாதித்த கீர்த்தி யாரைச் சேரும் என்று நான் சந்தேகம் கிளப்பினேன்.

"பேரு கெடக்குதுங்! ஸ்டேடியம் எந்தூருல இருக்குதுங்?" என்றார்.

வெற்றி மண்ணைச் சேரும், தோல்வி சட்டையில் எழுதிய பெயரைச் சேரும் என்பதே இதிலிருந்து பிறந்த சட்டம். அடுத்த சில வருஷங்களிலேயே அந்த அணி ஐ-லீகை விட்டு மறைந்துபோனபோது அவர் சிறிதும் விசனப்படாததற்கும் இதுவே காரணம். அது சென்னைக் கணக்கில் பற்று எழுதப்பட்டுவிட்டது.

கார்ப் பந்தயத்திலும் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. 2005-இல் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் டயர் தகராறினால் பதினான்கு கார்கள் விலகிக்கொள்ள, மிஞ்சிய ஆறில் நம் கோவை நாராயண் கார்த்திகேயன் நான்காவதாக வந்தாரே, அதைக் குறைத்துப் பேசினால் நண்பருக்குக் கோபம் வரும். "ஓடாதவன் தோத்தவன்தானுங்" என்று முடித்துவிடுவார். இதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. உண்மையில் இருப்பதாகவும் தோன்றவில்லை.

ஆனால் கிரிக்கெட் அவருடைய சட்டத்தைச் சற்றுச் சோதித்தது. 2022-இல் டி.என்.பி.எல். இறுதியாட்டம் எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்தில் மழையில் நனைந்து, கோவை கிங்ஸும் சேப்பாக் சூப்பர் கில்லீஸும் கோப்பையைப் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்தபோது, மண் நம்முடையது, ஆகவே முழுக்கோப்பையும் நம்முடையது, பாதியைச் சென்னைக்குக் கொடுத்தது விருந்தோம்பல் என்று சமாளித்துவிட்டார். மறுவருஷம் கோவை கிங்ஸ் திருநெல்வேலிக்கே போய் நெல்லை ராயல் கிங்ஸை 104 ரன் வித்தியாசத்தில் துவம்சம் செய்தது. மண்தான் பிரமாணம் என்றால் இந்த வெற்றி தாமிரபரணிக்கரைக்கல்லவா போகவேண்டும் என்று மடக்கினேன்.

டீயை ஒருமுறை ஆற்றிக் குடித்துவிட்டு, "டிக்கெட்டு எங்கீங் எடுத்தாங்க? கோயமுத்தூருல. வண்டி எங்க போனாலும் வருமானம் டிக்கெட்டு எடுத்த ஸ்டேசனுக்குத்தானுங்" என்றார்.

"அப்படியானால் சென்னை சிட்டி எந்த ஊர் டிக்கெட்?"

"அவங்க இங்கியே எறங்கீட்டாங்கல்லொ!"