தலைக்குத் தனிக்குடித்தனம்

வாடே மருமவனே, இப்படி உக்காரு. பாஸ் கித்தாருக்கு வச்சிருக்க காம்போ ஆம்பப் பிரிச்சுத் தலயத் தனியா எடுக்கப் போறியாம்லா? ஆசாரிகிட்ட பிளைவுட்டுக்கு வெல கேட்டாச்சு, ரெக்சின் கருப்பா நீலமான்னு முடிவு பண்ணியாச்சு, முன்னாடி பேரு பொறிக்கப் பித்தளத் தகடுக்குக் கூட சொல்லியாச்சுன்னு கேள்விப்பட்டேன். பின்பலகையக் கழட்டி உள்ள எட்டிப் பாத்தியான்னு கேட்டா மட்டும் மூஞ்சியத் திருப்புத. சரியான வரிசதான். நம்ம ஊருல பாகம் பிரிக்கதும் அப்படித்தான நடக்கு? வீட்டக் கட்டிப் பால் காய்ச்சி முடிச்ச பொறவுதான் கெணறு யாருக்குன்னு கேப்பான்.

மொதல்ல காரணத்தச் சொல்லு. ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள்ள கூட்டுக் குடும்பமா கெடக்கு. தனிக்குடித்தனம் வைக்கணும்னா ஒரு காரணம் வேணும்லா? "சத்தம் கூடும் மாமா"ன்னு மட்டும் சொல்லிராத. 100 வாட்ஸ் ஆம்பு எந்தப் பெட்டிக்குள்ள இருந்தாலும் 100 வாட்ஸ்தான். அத 200 ஆக்கினாக் கூட 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு ரெண்டு மடங்காத் தெரியணும்னா சுமாரா 10 மடங்கு வாட்ஸ் வேணும். கோவில் கொடையில முன்வரிசைல உக்காந்து வெத்தல போடுத கெழவிக்கு நீ பெட்டிய மாத்தினது தெரியவே தெரியாது.

"லீடு கித்தார்க்காரன் தல வச்சிருக்கான், எனக்கும் வேணும்"னு உள்ளதச் சொல்லு. அது ஞாயமான காரணம். பங்காளி மாடி கட்டினா நாமளும் கட்டணும்ங்கதுதான உலக வழக்கம்.

உருப்படியான காரணமும் இருக்கு, நீ கேக்கலன்னாலும் சொல்லுதேன். நாலு கம்பி பாஸ்ல அடிக்கம்பி வினாடிக்கு 41 தரம் ஆடும், அஞ்சு கம்பின்னா 31 தரம். அந்த ஆட்டம் பூரா அதே பெட்டிக்குள்ள இருக்க ஆம்பையும் சேத்து உலுக்குது. வருசக்கணக்கா உலுக்கினா சால்டரிங் விண்டு போவும், ஸ்குரூ தளரும், வால்வு ஆம்புன்னா கண்ணாடிக்குள்ள இருக்கது கலகலங்கும். தலயத் தனியா எடுத்தா அதுக்கு நிம்மதி. ஒரே ஆளு முதுகு ஒடியத் தூக்கத ரெண்டு நடையாத் தூக்கலாம். எடத்துக்குத் தக்கன ஸ்பீக்கர் பாக்ஸ மாத்திக்கிடலாம். இந்த மூணுல ஒண்ணு உனக்கு உண்டுன்னா மேல பேசுவோம்.

இத நீதான் கண்டுபிடிச்சேன்னு நெஞ்ச நிமுத்தாத. ஃபெண்டர் கம்பெனிக்காரன் பாஸ்மேன் ஆம்ப 1952ல விட்டப்போ ஒரே பெட்டிதான், 15 இஞ்சு ஸ்பீக்கரு ஒண்ணு. 1960கள் தொடங்கையில அவனே தல வேற, பாக்ஸ் வேறன்னு பிரிச்சுட்டான். ஆம்பெக் கம்பெனிக்காரன் அவனுக்கும் மேல வெவரம். 1960ல வந்த பி-15ல, கச்சேரிக்கு ஆம்பு பாக்ஸு மேல நிக்கும், கச்சேரி முடிஞ்சா மூடியத் தலகீழாப் பெரட்டினா ஆம்பு பாக்ஸுக்குள்ளயே போயிரும். பகல்ல தனிக்குடித்தனம், ராத்திரில கூட்டுக் குடும்பம். மோட்டவுன் கம்பெனிப் பாட்டுல நெறையத்துக்குப் பாஸ் வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் வச்சிருந்தது அந்த ஆம்புதான். அதே கம்பெனி 1969ல எஸ்விடின்னு 300 வாட்ஸ்ல ஒரு தல விட்டான். தல மட்டுமே 35 கிலோவுக்கு மேல. தலயப் பிரிச்சா கனம் கொறையும்னு எவன் சொன்னாலும் இதச் சொல்லு.

சரி, பிரிக்கதுன்னே வச்சுக்க. ரம்பத்த எடுக்கதுக்கு முன்னால ஆம்புக்குப் பின்னாடி போய் நில்லு. வெளி ஸ்பீக்கருக்குன்னு சாக்கெட் இருக்கான்னு பாரு. பாதி ஆம்புல கம்பெனிக்காரனே வச்சு அனுப்பியிருப்பான், வாங்கினவன்தான் திரும்பிப் பாத்திருக்க மாட்டான். அது இருந்தா ஒரு வயர் போதும், ஒன் பாகப்பிரிவினை அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுது. ஆனா அதுக்குப் பக்கத்துல எழுதியிருக்க ஓம்ஸ வாசிக்கணும். உள்ள ஸ்பீக்கரு 8 ஓம்ஸ், வெளிய 8 ஓம்ஸ்னு ரெண்டையும் சேந்தாப்புல மாட்டினா ஆம்புக்குத் தெரியுதது 4 ஓம்ஸ். உள்ள 4, வெளிய 4ன்னா 2. கொறஞ்சது 4 ஓம்ஸ்னு போட்டிருக்க ஆம்பு 2ல முதல் பாட்டு தாண்டுனா அதிசயம். ரெண்டாவது பாட்டுல பொக பறக்கும், சனம் ஸ்பெசல் எபெக்டுன்னு கை தட்டும்.

ஸ்பீக்கரு முதுகுல எழுத்து அழிஞ்சு போச்சா? வயரக் கழட்டி மீட்டர வையி. 8 ஓம்ஸ் ஸ்பீக்கரு 6, 7ன்னு காட்டும், 4 ஓம்ஸ் 3 சொச்சம் காட்டும். 4 ஓம்ஸ்ல 100 வாட்ஸ் குடுக்க ஆம்பு 8 ஓம்ஸ்ல சுமாரா 60 குடுக்கும். அதுக்காக அழாத, காதுக்குப் பெரிய வித்தியாசம் கெடயாது.

இதெல்லாம் டிரான்சிஸ்டர் ஆம்புக்குச் சொன்னது. வால்வு ஆம்புன்னா கொணம் வேற. டிரான்சிஸ்டருக்கு நெருக்கம் ஆகாது, வால்வுக்குத் தனிம ஆகாது. ஸ்பீக்கரே மாட்டாம வால்வு ஆம்ப ஓட்டி ஒரு தட்டுத் தட்டினா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிப் போவும். தலயத் தனியா எடுத்த சந்தோசத்துல "சும்மா லைட் எரியுதான்னு பாக்கேன்"னு வாசிச்சுப் பாக்கதுதான் அதுக்குப் பாடை கட்டுதது.

பெட்டியத் தொறக்கதுக்கு முன்ன பிளக்க உருவணும்னு ஒனக்குத் தெரியும். உருவின பொறவும் உள்ள கரண்டு இருக்கும்ங்கது தெரியுமாடே? பெரிய பெரிய கன்டென்சர் நாலு உள்ள நிக்கும்லா, அது சேத்து வச்ச கரண்ட லேசுல விடாது. டிரான்சிஸ்டர் ஆம்புல 40, 50 வோல்ட் கெடக்கும், வால்வு ஆம்புல 400, 500 கூட நிக்கும். ஸ்குரூ டிரைவர வச்சுச் சார்ட் பண்ணி வீரம் காட்டாத. வாட்ஸ் கூடின ரெசிஸ்டர் ஒண்ண மாட்டி இறக்கு, ஒரு கைய முதுகுக்குப் பின்னால வச்சுக்க, மீட்டர்ல சைபர் பாத்துட்டுத் தொடு. இந்த வரி புரியலன்னா நீ தொடாத, மெக்கானிக்கக் கூப்புடு. நீ போயிட்டா ஒங்கம்மைக்கு நான்தான் பதில் சொல்லணும்.

இப்ப வாசல் வைக்கணும். ஸ்பீக்கருக்கு வயர் போறதுக்கு ஒரு சாக்கெட். கித்தார் மாட்டுத மாதிரியே இரும்புச் சாக்கெட் ஒண்ண வாங்கி ஆம்போட தகட்டுப் பெட்டில முறுக்கிருவ, அங்கதான் வெனயே. சில ஆம்புல ஸ்பீக்கருக்குப் போற ரெண்டு வயருலயும் கரண்டு உண்டு, எதுவும் எர்த் கெடயாது. இன்னும் சிலதுல கருப்பு வயரு சின்ன ரெசிஸ்டர் ஒண்ணு வழியாத்தான் எர்த்துக்குப் போவும். இரும்புச் சாக்கெட் எர்த்தோட சேந்த அந்தத் தகட்டத் தொட்டதும் கதை முடிஞ்சுது. எந்த ஆம்பா இருந்தாலும் பிளாஸ்டிக் சாக்கெட்டாப் போடு, இல்லன்னா ஸ்பீக்கான் சாக்கெட் போடு. வயரும் கித்தார் வயரு வேண்டாம். அதுக்குள்ள இருக்கது மயிரு கனத்துல ஒரு இழை. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புல ரெட்டை வயரா வாங்கு. பித்தளத் தகடுக்குச் செலவழிச்சதுல பாதி போதும்.

மூணு பின் பிளக்குல தடிச்ச பின்ன மட்டும் தொடவே கூடாது. இரைச்சல் வருதுன்னு எர்த்த வெட்டி விடுத மேதைக நம்ம பக்கம் நெறைய உண்டு. உன் கையில இருக்க கம்பி ஆம்புத் தகட்டோட சேந்தது. நீ கம்பியப் பிடிச்சுக்கிட்டு மைக்கு பக்கத்துல வாயக் கொண்டு போகையில கரண்டு உன்னத்தான் பாலமா வைக்கும்.

இரைச்சலு வேற எடத்துல இருந்து வரும், சொல்லுதேன் கேளு. பழைய பெட்டில ஆம்பு இருந்த எடத்துல மரத்துல அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும். அலங்காரம்னு நெனச்சியா? தகட்டுப் பெட்டி ஒரு பக்கம் தொறந்து கெடக்குலா, அந்தப் பக்கத்துக்கு அதுதான் மூடி. புதுப் பெட்டிலயும் அத ஒட்டி, தகட்டத் தொடுத மாதிரி வைக்கணும். ஒட்டாம விட்டுட்டு "பழைய வீட்டுல இம்புட்டு சண்ட இல்லயே"ன்னு பொறவு பொலம்பப்படாது. காத்துக்கும் வழி வேணும். கீழ ஓட்ட, மேல ஓட்ட, ஹீட் சிங்குக்குப் பின்னால திறப்பு. ஆசாரி அழகா அடச்சுக் குடுப்பாரு, அவரு கட்டிலு செய்யுத ஆளு. நீதான் சொல்லணும்.

தலய எடுத்தாச்சு. பழைய பெட்டில ஒரு பொந்து கெடக்குமே, அத யாரு பாக்கது? அத அப்படியே விட்டா பெட்டிக்குள்ள இருக்க காத்து அந்த வழியா ஓடும். பாஸ் ஸ்பீக்கருக்குக் காத்துதான் கடிவாளம். அது போச்சுன்னா அடி ஸ்வரம் செத்துரும், கோன் அளவுக்கு மீறி ஆடிக் கிழியும், போதாக்கொறைக்கு விசிலும் அடிக்கும். அதே கனத்துல பிளைவுட் வெட்டி, ஓரத்துல ஸ்பாஞ்ச் டேப் ஒட்டி, ஸ்குரூ போட்டு இறுக்கு. ரெண்டு பாக்ஸு வச்சன்னா பிளஸ், மைனஸ் மாறாமப் பாரு. ஒண்ணரை வோல்ட் பேட்டரியத் தொட்டா ரெண்டு கோனும் ஒரே பக்கம் நகரணும். ஒண்ணு வெளியயும் ஒண்ணு உள்ளயும் போனா, ரெண்டு பாக்ஸு வச்சும் ஒத்த பாக்ஸ விடப் பாஸ் கொறச்சலாத்தான் கேக்கும்.

ஆகக்கூடி, வெட்டுதது அர நாள் வேல, வெட்டினதச் சேக்கதுலதான் மிச்சம் பூரா இருக்கு. அதனால மொதல்ல பெட்டியில கை வைக்காத. ஆம்புல இருந்து ஸ்பீக்கர் வயர மட்டும் உருவு, வெளிய ஒரு நல்ல பாக்ஸ ஓம்ஸ் பாத்து மாட்டு, ஒரு கச்சேரி வாசி. புடிச்சிருந்தா ஆசாரியக் கூப்புடு. புடிக்கலன்னா வயரத் திரும்ப மாட்டு, பித்தளத் தகட்ட வீட்டு வாசல்ல அடிச்சுக்க.

அந்த நல்ல பாக்ஸு எங்க கெடைக்கும்னுதான கேக்கப் போற? எங்கிட்ட ஒண்ணு இருக்கு, 8 ஓம்ஸ். இதே மாதிரி போன தலமுறைல ஒருத்தன் தலயப் பிரிச்சு எடுத்துட்டு, ஒடம்பு வேண்டாம்னு விட்டுட்டுப் போனது. பொந்த நான்தான் அடச்சேன். வாடக மத்தவனுக்கு என்னவோ அதேதான். நீ மருமவன்ங்கதால முன்பணம் மட்டும் இன்னைக்கே குடுத்தாப் போதும்.