வாடகைச் சட்டம் அவர்களுக்கு ஒரு டூப்ளெக்ஸ்வாசியின் விண்ணப்பம்

அனுப்புநர்:
குடித்தனக்காரன்,
மாட வீதியை ஒட்டிய ஒரு சந்து,
மயிலாப்பூர், சென்னை.

பெறுநர்:
தமிழக வாடகைச் சட்டம், 2017 அவர்கள்.

மாட்சிமை பொருந்திய சட்டம் அவர்களே,

1960ஆம் ஆண்டுச் சட்டத்தை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, 2019 பிப்ரவரி 22 அன்று தாங்கள் பொறுப்பேற்றீர்கள். தங்கள் ஆட்சியில் நாங்கள் எவ்வளவு சுகமாக இருக்கிறோம் என்பதைத் தெரிவிக்கவே இந்த விண்ணப்பம்.

நான் குடியிருப்பது டூப்ளெக்ஸ். புரோக்கர் சூட்டிய பெயர் அது. பழைய வீட்டின் பின்கட்டைத் தடுத்து, மொட்டை மாடி அறையோடு ஓர் இரும்புச் சுழல் படிக்கட்டால் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். அந்தப் படியில் பீரோ ஏறாது. ஆகவே மேலே தூங்கி எழுந்து, கீழே வந்து ஹாலில் உடை மாற்றிக்கொள்கிறோம். "கோபுர தரிசனம் உண்டு சார்" என்று சொல்லி வாடகையை ஏற்றினார்கள். உண்டுதான். மேல் குளியலறையில் வாளியைக் கவிழ்த்து ஏறி நின்றால், வென்டிலேட்டர் வழியாகக் கபாலீஸ்வரர் கோபுரக் கலசங்கள் தெரிகின்றன. அந்தக் கோலத்தில் கைகூப்பலாமா என்று குருக்களிடம் கேட்கத்தான் கூச்சமாக இருக்கிறது.

மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவது சட்டவிரோதம் என்று தங்கள் 11ஆம் பிரிவு முழங்குகிறது. படித்ததும் கண் கலங்கிவிட்டது. பிறகுதான், 'மாறான உடன்பாடு இருந்தால் ஒழிய' என்று அதே வாக்கியத்தில் தாங்களே சேர்த்திருப்பதைக் கவனித்தேன். வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைப்படி மேலேயே வைத்துவிட்டுப் போகும் பெருந்தன்மை யாருக்கு வரும்? ஹவுஸ் ஓனரிடம் அந்த மாறான உடன்பாடு டைப் அடித்துத் தயாராக இருந்தது. பத்து மாத அட்வான்ஸ்.

சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கட்டட ரிப்பேரையும் தங்கள் இரண்டாம் அட்டவணை ஓனர் தலையில் வைக்கிறது. குழாய் வாஷரை எங்கள் தலையில் வைக்கிறது. வாஷரை நான் தவறாமல் மாற்றி வருகிறேன். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்தம் என்று அக்ரிமென்ட் சொல்கிறது. மழைக்கு மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகுகிறது என்றேன். "நூறு வருஷத்து வீடு, ஒழுகாம என்ன செய்யும்?" என்றார். வாடகை பேசிய அன்று அதே நூறு வருஷத்துக்கு 'ஹெரிடேஜ்' என்று பெயர்.

ஓனர் உள்ளே வருவதானால் 24 மணி நேரம் முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறீர்கள். அறுபத்து மூவர் உற்சவத்தன்று அவருடைய உறவினர் கூட்டம், சாமி பார்த்த கையோடு எங்கள் ஹாலில் வந்து இறங்குகிறது. முன்னறிவிப்பு எங்கே என்று கேட்டேன். கோயில் பங்குனி உற்சவப் பத்திரிகையை எடுத்து நீட்டினார். எட்டாம் நாள் அறுபத்து மூவர் என்று அச்சில் தெளிவாகத்தான் இருந்தது.

வாடகை ஒப்பந்தத்தைப் பதியத் தாங்கள் வைத்திருக்கும் படிவம், எங்களைப் பற்றிப் பெயர், முகவரி போன்ற விவரங்களைக் கேட்பதோடு நின்றுவிடுகிறது. வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வி, "வெஜிடேரியன்தானே?" அதற்கு ஆமாம் என்றாலும் போதாது. "பூர்வீகம் எந்த ஊர்? அப்பா பேரு?" என்று சுற்றி வளைத்து, எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் சாவியைக் கையில் எடுப்பார்கள். தாங்கள் நாகரிகம் கருதி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை போலும்.

என் கோரிக்கை ஒன்றுதான். அந்த 'ஒழிய'வை ஒழித்துவிடுங்கள். முடியாதென்றால் 'மூன்று மாதம்' என்பதைப் 'பத்து மாதம்' என்று திருத்திவிடுங்கள். சொல்லும் நடப்பும் ஒன்றாக இருக்கும் சட்டம் என்ற பெயராவது தங்களுக்குக் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் பாதுகாப்பில் உள்ள
குடித்தனக்காரன்

பின்குறிப்பு: பதில் தபாலில் வேண்டாம். எங்கள் தபால்களும் ஓனர் வீட்டில்தான் பட்டுவாடா ஆகின்றன.