சிவப்பா பச்சையா எண்டு கேட்ட மருமோனுக்கு

வாரும் மருமோன், உந்தக் கதிரையை இழுத்துப் போட்டு இரும். தேத்தண்ணி வருகுது. நேற்று மண்டைதீவுச் சந்தியில உம்மட பிக்கப் புகை கக்கிக்கொண்டு நிண்டதை நான் பாக்கேல்லை. குறிகட்டுவான் பஸ்ஸில வந்த சனமும் பாக்கேல்லை. மீன் பெட்டியோட மோட்டச்சைக்கிளில போன நாலு பேரும் பாக்கேல்லை. ஒருத்தரும் பாக்கேல்லை எண்டுதான் அல்லைப்பிட்டியில படலைக்குப் படலை நிண்டு கதைக்கினம்.

நீர் மகளுக்கு ரெலிபோன் எடுத்தனீர், எனக்கு எடுக்கேல்லை. அது உம்மட ரோசம், இருக்கட்டும். ஆனால் வாளியைத் தூக்கிக்கொண்டு பரவைக்குள்ள இறங்கப் போனீராமே! மீன்காரன் ஒருத்தன் கையைப் பிடிச்சு இழுக்காட்டி, கடல் தண்ணியை ரேடியேற்றருக்குள்ள விட்டிருப்பீர். மெய்தான், ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் தண்ணி, நடுவில தண்ணி இல்லாத வாகனம், ஆருக்கெண்டாலும் கை துடிக்கும். ஆனால் உப்பு அலுமினியத்தைத் தின்னும் ஐசே. கறையான் கிடுகைத் தின்னிற மாதிரி, வெளியில ஒண்டும் தெரியாது. இன்னொண்டு, கொதிச்சு நிக்கிற எஞ்சினுக்குப் பச்சைத் தண்ணியை ஊத்தினால் ஹெட் வெடிக்கும். மூடியைச் சூட்டோட திறந்தால் முகம் அவியும். மாமி அடுப்பில இருந்து இறக்கின கறிச்சட்டியை நீர் உடனே திறக்கிறேல்லைத்தானே? அந்த மரியாதையை எஞ்சினுக்கும் குடும். ஒரு அரை மணித்தியாலம் போனை நோண்டிக்கொண்டு நிண்டால் போதும். அது உமக்குக் கைவந்த கலை.

சரி, இப்ப நீர் கொண்டு வந்த கேள்விக்கு வாறன். "சிவப்பு நல்லதோ பச்சை நல்லதோ, மாமா?" நாலு நாளா இதைத்தான் யோசிச்சனீர் எண்டு மகள் சொன்னவள். பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கும் நீர் முதல் பாத்தது சேலைக் கலரைத்தான் எண்டு மாமி இண்டைக்கும் சொல்லுவா. கூலண்டின்ர கலர் வெறும் சாயம். ஒவ்வொரு கொம்பனியும் தன்ர விருப்பத்துக்குக் கரைச்சு விடுகுது. ஒருத்தன்ர பச்சையும் இன்னொருத்தன்ர பச்சையும் ஒண்டெண்டு நம்பி ஊத்தினால், உள்ளுக்க ரெண்டும் சண்டை பிடிச்சுக் களியாப் போற நேரமும் உண்டு. வாகனத்தோட வந்த புத்தகத்தில என்ன சாமான் எண்டு எழுதியிருக்கு. அது உம்மட சீற்றுக்குக் கீழ, பொலித்தீன் கூடக் கிழிக்காமல் கிடக்கு. நேற்று நான் பாத்தனான்.

உள்ளுக்க இருக்கிறது எதிலீன் கிளைக்கோல். அதோட துருப்பிடிக்காமல் இருக்கிறதுக்குக் கொஞ்ச மருந்து. கனடாவில இருக்கிற உம்மட தமையன் இதை ஊத்துறது உறையாமல் இருக்க. தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்தால் சைபருக்குக் கீழ 37 பாகை மட்டும் தாங்கும். இஞ்ச தண்ணி உறையிற காலம் வந்தால் நாங்களும் உறைஞ்சிடுவம், அந்தக் கவலை வேண்டாம். உமக்கு இது கொதியாமல் இருக்க. வெறும் தண்ணி 100 பாகையில கொதிக்கும். இந்தக் கலவை, மூடி 15 இறாத்தல் அமுக்கத்தைப் பிடிச்சு நிண்டால், ஏறக்குறைய 129 பாகை மட்டும் பொறுத்துக்கொள்ளும். மூடியின்ர றப்பர் காய்ஞ்சு வெடிச்சிருந்தால் அந்தப் பொறுமை இல்லை. உம்மட மூடியைத் திருப்பிப் பாத்தனீரோ? பாத்திருக்க மாட்டீர். அதுக்காகத் தனிக் கூலண்டை முழுக்க ஊத்தினால் நல்லம் எண்டும் நினைக்காதையும். கிளைக்கோல் தண்ணி அளவுக்குச் சூட்டைச் சுமக்காது. சுமக்கிறது தண்ணிதான்.

அந்தத் தண்ணியிலதான் நீர் பிழை விட்டது. விலை கூடின ஜப்பான் சிவப்புக் கானை வாங்கிப்போட்டு, பாதிக்கு எங்கட கிணத்துத் தண்ணியை அள்ளி விட்டனீர், என்ன?

கோவிக்காதையும். எங்கட கிணத்தை ஆரும் குறை சொன்னால் நான்தான் முதல் சண்டைக்குப் போவன். தீவுப் பக்கம் கன கிணறு உவர். அல்லைப்பிட்டி, மண்கும்பான், சாட்டிப் பக்கம் மணல் இருக்கிறதால மாரி மழை கீழ இறங்கி, உப்புத் தண்ணிக்கு மேல மெல்லிசா நல்ல தண்ணியா நிக்குது. உமக்குப் பெண் தந்ததோட அந்தத் தண்ணியையும் சேத்துத்தான் தந்தம். ஆனால் குசினிக்குள்ள போய்க் கேத்திலின்ர அடியைப் பாரும். வெள்ளை வெள்ளையா ஓடு பிடிச்சிருக்கும். யாழ்ப்பாணம் முழுக்கக் கீழ சுண்ணாம்புக் கல்லுத்தானே, தண்ணி அதைக் கரைச்சுக்கொண்டுதான் வரும். வாய்க்கு இனிப்பான தண்ணி ரேடியேற்றர்க் குழாய்க்கும் இனிக்கும் எண்டு ஆர் சொன்னது?

இதில இன்னொரு வேடிக்கை இருக்கு. ஜப்பான்காரன்ர கூலண்டில பொசுபேற்று இருக்கும். சிலிக்கேற்று தண்ணிப் பம்பின்ர சீலைத் தேய்க்கும் எண்டு அவன் அதைத் தள்ளி வைச்சவன். ஐரோப்பாக்காரன் நேர்மாறு. அங்க தண்ணியில சுண்ணாம்பு கூட, பொசுபேற்றோட சேர்ந்து படியும் எண்டு அவன் பொசுபேற்றைத் தள்ளி வைச்சவன். நீர் என்ன செய்தீர்? ஜப்பான்காரன்ர பொசுபேற்றையும் அல்லைப்பிட்டிச் சுண்ணாம்பையும் உம்மட ரேடியேற்றருக்குள்ள வைச்சுத் தாலி கட்டிவிட்டீர். பிள்ளை பிறக்காமல் இருக்குமோ? உள்ளுக்க குழாய் குழாயாப் பிறந்து கிடக்கு.

"நீங்கள் அந்தக் காலத்தில கிணத்துத் தண்ணிதானே விட்டனீங்கள்" எண்டு உம்மட வாய் துறுதுறுக்குது. விட்டனான். சின்ன வயசில தட்டிவானில கிளீனரா நிண்டனான். என்ர உத்தியோகமே பின்னால தொங்கின தகரத்தில தண்ணி நிரப்பி வைக்கிறதுதான். ஆனால் அது இரும்பு எஞ்சின், செம்பும் பித்தளையுமான ரேடியேற்றர். சுண்ணாம்பு அடைச்சால் கழட்டிக் கம்பி விட்டுக் குத்தி, ஈயம் வைச்சு ஒட்டித் தருவினம். ஒழுகினால் நாங்களே ஒரு பிடி மஞ்சள் தூளைப் போடுவம். ரெண்டு நாள் ஒழுக்கு நிக்கும். பேந்து கறி வாசத்தோட திரும்பவும் ஒழுகும். உம்மடது மெல்லிசு அலுமினியம், மேலையும் கீழையும் பிளாஸ்ரிக் தொட்டி. அதில கம்பியால குத்தினால் குத்தினதுதான்.

நீர் கவனிக்காத ஒண்டைச் சொல்லட்டே? பண்ணைப் பாலத்தில காத்து முகத்தில அடிக்க அடிக்க ஓடேக்கையே சூடு காட்டுற முள்ளு ஏறினது எண்டு சொன்னனீர். சின்னக்கடையில சனத்துக்குள்ள நிக்கேக்க மட்டும் ஏறி, பாலத்தில இறங்கினால், நான் முதல் விசிறியைத்தான் சந்தேகப்படுவன். அவ்வளவு காத்திலயும் ஏறினால் உள்ளுக்க தண்ணி ஓடேல்லை. அடைப்பு, இல்லாட்டி தெர்மோஸ்ரற், இல்லாட்டி பம்ப். இதை நீர் கராச்சுக்குப் போய் நீரே கண்டுபிடிச்ச மாதிரிச் சொல்லும், மெக்கானிக் கொஞ்சம் பயப்பிடுவான்.

இப்ப வேலையைக் கேளும். எஞ்சின் நல்லா ஆறின பிறகு, ரேடியேற்றருக்குக் கீழ இருக்கிற திருகைக் கழட்டிப் பழசை இறக்கும். ஒரு அகலத் தாச்சியில பிடியும், நிலத்தில விடாதையும். மணல் நிலம், இண்டைக்கு ஊத்தினது நாளைக்குக் கிணத்துக்குள்ள நிக்கும். அது தித்திப்பு வேற. நாய், ஆடு, குழந்தைப்பிள்ளை எதுவும் நக்கிப் பாக்கும், சிறுநீரகம் போயிடும். ஆரும் குடிச்சால் நேர ஆசுப்பத்திரி. இதுக்கு வைத்தியர்மார் முறிவு மருந்தா அற்ககோல் குடுத்த காலம் உண்டு. இதைத் தவறணையில சொல்லாதையும், நாளைக்கே பாதிப் பேருக்குக் கூலண்ட் குடிச்ச சந்தேகம் வந்திடும்.

பிறகு சுத்தத் தண்ணி விட்டு, தெர்மோஸ்ரற் திறக்குமட்டும், எண்பது பாகையைத் தாண்டுமட்டும் ஓடவிட்டு, ஆறவிட்டு, இறக்கும். தெளிஞ்சு வருமட்டும் திருப்பித் திருப்பிச் செய்யும். கடைசித் தரம் காய்ச்சி வடிச்ச தண்ணி. கடையில "பற்றறித் தண்ணி" எண்டு கேளும், அசிட்டைத் தூக்கித் தந்தால் வாங்கிக்கொண்டு வந்திடாதையும்.

நீர் எவ்வளவு இறக்கினாலும் எஞ்சினுக்குள்ள கொஞ்சம் தண்ணி நிண்டுகொண்டுதான் இருக்கும். அதால, முழுக் கொள்ளளவில பாதியளவு தனிக் கூலண்டை முதல் ஊத்தி, மிச்சத்துக்குப் பற்றறித் தண்ணியை விடும். கணக்குச் சரியா வரும். கானில 50/50 எண்டு அடிச்சிருந்தால் அது கலந்தது. அதுக்கு நீர் தண்ணி விட்டால் பால்காரன் வேலை. காத்து நிக்காமல் இருக்க வாகனத்தின்ர மூக்கு உயர இருக்கோணும். இந்தத் தீவில ஏத்தத்துக்கு எங்க போறது எண்டு முழிக்காதையும், எங்கட வளவுக்குப் பின்னால இருக்கிற மணல் கும்பியில முன் ரயரை ஏத்தி, பிறேக்கைப் போட்டு, பின் ரயருக்குக் கல்லு வையும். ஹீற்றர் இருந்தால் சூட்டுப் பக்கம் திருப்பி விடும். வேர்க்கும்தான், மாமனார் வீட்டில ஒருக்காலாவது வேர்க்கட்டும்.

எத்தினை வருசத்துக்கு ஒருக்கா எண்டு கேப்பீர். ரொயோட்டாவின்ர இளஞ்சிவப்பு முதல் 160,000 கிலோமீற்றர், பிறகு 80,000க்கு ஒருக்கா எண்டு அவை சொல்லுகினம். ஆனால் உம்மடது எத்தினையோ கை மாறி வந்த வாகனம். அதின்ர மீற்றரை நம்புறதும் கலியாணத் தரகர் சொல்லுற வயசை நம்புறதும் ஒண்டுதான். இண்டைக்குச் சைபரில தொடங்கும். 2020 மார்ச்சில அரசாங்கம் வாகன இறக்குமதியை நிப்பாட்டி, தனியார் வாகனத்துக்கு 2025 பெப்ரவரியிலதான் கதவு திறந்தவை. அதுக்குள்ள பழைய பிக்கப்புக்கெல்லாம் சீதனம் கூடிப்போச்சு. ஹெட் வளைஞ்சால் உம்மட பொக்கற்றும் வளையும்.

தேத்தண்ணி ஆறுது, குடியும். பற்றறித் தண்ணி வாங்க ரவுணுக்குப் போகத் தேவையில்லை. ரெண்டு கான் விறாந்தையில, சாக்குக்குக் கீழ இருக்கு. நேற்று நீர் மண்டைதீவில நிக்கேக்கையே நான் பஸ்ஸில போய் வாங்கியிட்டு வந்திட்டன், உம்மைப் பாக்காமல். பில்லு மகளிட்டக் குடுத்திருக்கு. வட்டியா ஆனித் திருவிழாவுக்கு மாமியையும் என்னையும் குறிகட்டுவான் மட்டும் ஏத்திக்கொண்டு போம். மாமி முன் சீற்று.

என்ன முழிக்கிறீர்? நான் பின்னாலதான் இருப்பன், தகரத்தில தண்ணியோட.