பிரதான சாலைப் பிரவேசம்

(இடம்: செங்கற்பட்டை அடுத்த திருச்சி நெடுஞ்சாலை ஓரம், சர்வீஸ் ரோட்டு டீக்கடை பெஞ்சு. சொந்தக் கார் வைத்திருக்கும் வேகநாதரும், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற நிதானசாமியும்.)

வேகநாதர்: பெரிய சாலையில் நுழைவதற்குக்கூட ஒரு சாஸ்திரமா, ஓய்? இண்டிகேட்டரைப் போட்டு, ஹாரனை ஒரே அழுத்தாக அழுத்தி, பகவானை நினைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பினால், பின்னால் வருகிறவன் உயிரில் ஆசை உள்ளவனாயின் தானாகவே பிரேக் போடுவான் என்பது என் பதினைந்து வருஷத்து அநுபவ சித்தாந்தம்.

நிதானசாமி: ஆக, உம்முடைய ஆயுள் ஜாதகத்தில் இல்லை, முகம் தெரியாத ஒரு லாரி டிரைவரின் வலது காலில் இருக்கிறது. பாவம், அவன் நேற்று ராத்திரி தூங்கினானோ என்னவோ!

வேகநாதர்: இண்டிகேட்டர் போட்டவனுக்கு வழிவிடுவதுதானே நியாயம்?

நிதானசாமி: அது விண்ணப்பம், ஐயா, அரசாங்க உத்தரவு அன்று. 1989இல் வந்த சாலை விதிகளிலும், அவற்றுக்குப் பதிலாக 2017இல் வந்த ஒழுங்குமுறையிலும், பிரதான சாலையில் போகிறவனுக்கே முன்னுரிமை. நுழைகிறவன்தான் காத்திருக்க வேண்டும்.

வேகநாதர்: அப்படியானால் என் மைத்துனரே உத்தமர். வேகம் கூட்ட நீண்ட தடம் இருந்தாலும் அதன் கடைசியில் வண்டியை அடியோடு நிறுத்தி, கண்ணுக்கெட்டிய தூரம் ஈ காக்கை இல்லாத சுபமுகூர்த்தம் வரும் வரையில் பின்னால் நிற்பவர்களின் சாபத்தையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அப்புறம் மாட்டுவண்டிபோல் ஊர்ந்து ஏறுவார்.

நிதானசாமி: அவர் உமக்குத் தமையன்! கணக்கைக் கேளும். நூறு மீட்டர் பின்னால் ஒரு கார் மணிக்கு 100 கிலோமீட்டரில் வருகிறது. நீர் 80இல் போனால், அது உம்மை எட்டிப் பிடிக்கப் பதினெட்டு விநாடி ஆகும். 40இல் நுழைந்தால் ஆறே விநாடி. உம் மைத்துனர்போல் நின்றால் நான்கு விநாடிகூட இல்லை. ஒரு வாய் டீயை ஊதி ஆற்றுவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

வேகநாதர்: பாய்ந்தாலும் குற்றம், நின்றாலும் குற்றமென்றால் நான் பறந்தா போவது?

நிதானசாமி: தடத்தில் ஏறும்போதே வலப்புறக் கண்ணாடியைப் பார்த்து, கண்ணாடியில் விழாத மூலையைத் தலை திருப்பியும் பார்த்து, எந்த வண்டிக்குப் பின்னால் நுழைவதென்று முன்னதாகவே தீர்மானித்து, தடம் முடிவதற்குள் அந்த வண்டிகளின் வேகத்தை எட்டிவிட்டால், ஒருவனும் பிரேக்கைத் தொடாமல் நீர் அவர்களில் ஒருவராகிவிடுவீர். தடமே இல்லாமல் வெறும் இடைவெளி மட்டும் விட்டிருக்கிற வாயில்களோ நம் நாட்டில் ஏராளம். அவற்றைத் திறந்துவைத்த புண்ணியவான்கள் ஒரு நாளாவது அவ்வழியே ஓட்டிப் பார்த்திருக்கலாம். அங்கே மட்டும், எத்தனை பேர் சபித்தாலும் நின்று, நல்ல நீண்ட இடைவெளி கிடைத்த பிறகே புறப்படும்.

வேகநாதர்: கண்ணாடியா? பைக்காரன் உரசிவிடுவான் என்று அதை மடக்கியல்லவா வைத்திருக்கிறேன்!

நிதானசாமி: விரித்துத்தான் பாருமே.

(வேகநாதர் எழுந்துபோய் விரித்தார். கார் வாங்கி மூன்று வருஷம். கம்பெனியில் ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாள் இன்னும் அதில் அப்படியே இருந்தது.)